ராத்திரி பத்து மணிக்கு எது ஓடும்?

ஒரு மாநிலத்தின் மின்பலத்தை நிறுவுதிறனால் அளப்பது வழக்கம்: அனல் இத்தனை மெகாவாட், காற்று இத்தனை, சூரியசக்தி இத்தனை. வளரும் பொருளாதாரத்துக்கு இந்தக் கூட்டல் போதாது. வேண்டிய நேரத்தில், ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில், யாருடைய உடல்நலத்தையும் கெடுக்காமல் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எரியும் விளக்குக்கான கரி ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் வந்து அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின்நிலையத்தில் எரிகிறது. வழியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் உற்பத்தி தடுமாறும். கல்பாக்கம் அணுமின் நிலையமும் நெய்வேலி அனல் மின்நிலையங்களும் கைகொடுப்பதால் முழு நகரமும் ஒரே கரியை நம்பியில்லை. ஆனால் சாம்பல் படிவது எண்ணூர்க் கழிமுகத்தில். அங்குள்ள மீனவர்கள் தரும் விலை தென்சென்னையின் மின்கட்டண ரசீதில் ஏறுவதில்லை. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டிலும் இதே ஏற்றத்தாழ்வுதான்: சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம், வெளி மாவட்டங்கள் பலவற்றில் 10 மணி நேரத்துக்கும் மேல்.

காற்றாலையில் தமிழ்நாடு இந்தியாவின் முன்னோடி. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று வலுப்பது மே மாதத்துக்குப் பிறகு. செப்டம்பர் வரை நீடிக்கும். தேவையோ மார்ச்சிலேயே ஏறத் தொடங்குகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் சுமைக்குச் சூரியசக்தி பொருத்தமானது. கமுதியில் மட்டும் 648 மெகாவாட் பூங்கா 2016இல் அமைந்தது. தியாகராய நகர்க் கடைகளின் பகல்நேர ஏசிக்கு அது உதவும். பொழுது சாய்ந்த பிறகும் கடைவீதி அடங்குவதில்லை. பத்து மணிக்குமேல் வீடுகளில் படுக்கையறை ஏசிகள் ஓடத் தொடங்கும். சித்திரை மாத இரவில் சூரியனும் இல்லை, போதிய காற்றும் இல்லை. தமிழ்நாட்டின் பசுமை மின்சாரம் இந்த மணி நேரத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

ஆகவே சேமிப்புதான் முதல் தேவை. ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் உபரி மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, உச்ச நேரத்தில் திறந்துவிடுகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் கட்டுமானத்தில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களை இன்னும் விரைவாகக் கட்டியிருக்க வேண்டும்.

மொட்டை மாடிக்கும் பங்குண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது தானாக நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மயிலாப்பூர் அடுக்ககங்களில் மாடி எல்லோருக்கும் பொது; தண்ணீர்த் தொட்டி போக எஞ்சும் இடத்தைப் பங்கிடுவதில் உரிமையாளர்கள் உடன்பட வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த மாடியில் உரிமையே இல்லை. நகரத்தில் ஏராளமானோர் வாடகைக் குடியினர் என்பதால், வேறிடத்தில் கூட்டாக நிறுவிய தகடுகளின் உற்பத்தியை அவரவர் வீட்டு மீட்டரில் கழிக்கும் முறை அவர்களுக்கும் எட்ட வேண்டும்.