வாக்குகள் எண்ணப்பட்ட பின்...



ஒரு நாடு தன் மக்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, பெரும்பான்மையோர் தரும் விடையை ஏற்றுக்கொள்வது நல்லதொரு வழிமுறைதான். முற்காலத்தில் வாளெடுத்துத் தீர்த்துக்கொண்ட எத்தனையோ தகராறுகளை இன்று வாக்குச்சீட்டு தீர்த்து வைக்கிறது. ஆனால், எண்ணி முடித்த மறுநாள் காலையில் வென்றவர் தோற்றவரையும், தோற்றவர் வென்றவரையும் எந்தக் கண் கொண்டு பார்க்கின்றனர் என்பது தனிக் கேள்வி. அதற்கு வாக்குச்சீட்டில் விடை இல்லை. அண்மைக் காலத்தில் இதைப் பிரிட்டன் அளவுக்கு அனுபவித்த நாடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா என்பதற்கான பொது வாக்கெடுப்பு 2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் நடைபெற்றது. அது ரமழான் மாதம். முடிவு வெளியானது மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்நாட்டில் வாழும் நம் சகோதரர்கள் நோன்பு நோற்ற நிலையில், இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைய ஜும்ஆவுக்குச் சென்றார்கள்.

வாக்காளர்களில் 72.2 சதவிகிதம் பேர் வாக்களித்தனர். வெளியேற வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1,61,41,241 பேர். சதவிகிதக் கணக்கில் 51.9க்கு 48.1. ஏறத்தாழ நாட்டையே நடுவில் கீறிவிட்டது போன்ற முடிவு. அதிலும் இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொல்ல, ஸ்காட்லாந்து 62 சதவிகித வாக்குகளுடனும், வடக்கு அயர்லாந்து 55.8 சதவிகித வாக்குகளுடனும் நீடிக்கச் சொல்லின. தலைநகர் லண்டன் ஒரு பக்கம், அதைச் சுற்றியுள்ள பல சிற்றூர்கள் மறுபக்கம். ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பின்படி, 18 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களில் 73 சதவிகிதம் பேர் நீடிக்க விரும்பினர். 65 வயதைக் கடந்தவர்களில் 60 சதவிகிதம் பேர் வெளியேற விரும்பினர். பேரனும் பாட்டனாரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்று பொருள்.

வாக்கெடுப்புக்கு முன்பே காற்று கெட்டுப்போயிருந்தது. வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்திற்குப் போகிறது, அதை நம் மருத்துவத் துறைக்குத் தருவோம் என்று ஒரு சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள் வெளியேற்ற அணியினர். அந்தத் தொகை மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று அரசின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. மறு அணியினரோ, வெளியேற வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சரிந்து வேலைகள் பறிபோகும் என்று அச்சுறுத்தினார்கள். அப்படிப்பட்ட உடனடிச் சரிவு அந்த ஆண்டில் வரவில்லை.

இந்த நஞ்சு ஓர் உயிரையும் வாங்கியது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, ஜோ காக்ஸ் என்ற 41 வயதுப் பெண் நாடாளுமன்ற உறுப்பினர், தம் தொகுதி மக்களைச் சந்திக்க வந்த இடத்தில், பர்ஸ்டால் என்னும் ஊரில், வெள்ளை இனவெறியன் ஒருவனால் கொல்லப்பட்டார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். அவர் 2015 ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையில், தம் தொகுதியில் குஜராத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம்களைப் பெருமையுடன் குறிப்பிட்டிருந்தார். நம்மைப் பிரிக்கும் செய்திகளைவிட நம்மிடையே பொதுவாக இருப்பவையே அதிகம் என்பதுதான் அவ்வுரையின் சாரம். அவரது மரணத்தையொட்டிச் சில நாட்கள் இரு அணிகளும் பரப்புரையை நிறுத்தி வைத்தன. சில நாட்கள்தான்!

சரி, முடிவு வந்தது. பிரதமர் டேவிட் கேமரூன் அன்று காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார். அதன் பிறகு தொடங்கியதே பெரிய சண்டை. முதியவர்கள் எங்கள் எதிர்காலத்தைத் திருடிவிட்டார்கள் என்றனர் இளைஞர்கள். எங்களை அறிவிலிகள் என்கிறீர்களே, அந்த ஆணவத்திற்குத்தான் இந்த அடி என்றனர் மற்றவர்கள். தோற்றவர்கள் வென்றவர்கள் அனைவரையும் இனவெறியர்கள் என்றார்கள். வென்றவர்கள் தோற்றவர்கள் அனைவரையும் நாட்டுப்பற்று அற்றவர்கள் என்றார்கள். வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாத அப்பாவிகளும் தப்பவில்லை. ஹண்டிங்டன் நகரில் போலந்து நாட்டவரைப் புழுபூச்சிகளாக இகழ்ந்து, வெளியேறச் சொல்லும் அட்டைகள் வீதியில் போடப்பட்டிருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாண்டு ஜூலை மாதம் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 41 சதவிகிதம் அதிகம். நவம்பரில், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்றே வெளியேறும் நடைமுறையைத் தொடங்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சட்டத்தைச் சொன்னபோது, தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு, 'மக்களின் எதிரிகள்' என்று முதல் பக்கத்தில் அச்சிட்டது டெய்லி மெயில் நாளிதழ். பிள்ளைகளின் திருமணத்தில்கூட, சம்பந்தி வீட்டார் எந்த அணி என்பதைப் பொருட்படுத்தும் பெற்றோர் இருப்பதாகப் பிந்தைய கணிப்புகள் கூறின.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய ஒரு செய்தி உள்ளது.

வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி: நீடிப்பதா, வெளியேறுவதா? ஏன் என்று அது கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. ஒருவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே இரகசியம். அதைவிடப் பெரிய இரகசியம், எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பது. இரண்டும் தெரியாத நிலையில், ஒருவருடைய வயதைப் பார்த்து, ஊரைப் பார்த்து, தோலின் நிறத்தைப் பார்த்து, இவர் இப்படித்தான் வாக்களித்திருப்பார், இந்தக் காரணத்திற்காகத்தான் வாக்களித்திருப்பார் என்று முடிவு கட்டுவதற்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் கெட்ட எண்ணம். ஹுஜுராத் அத்தியாயம் பரிகாசத்தையும், பட்டப்பெயர் சூட்டுவதையும், ஆதாரமற்ற எண்ணத்தையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்த வசனங்களில் தடுப்பது தற்செயலானதன்று. ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறக்கிறது.

எண்ணம் எவ்வளவு பொய்க்கும் என்பதற்கு முஸ்லிம்களின் வாக்கே சான்று. அதே ஆஷ்கிராஃப்ட் கணிப்பில் முஸ்லிம்களில் பத்தில் ஏழு பேர் நீடிக்க வாக்களித்ததாகத் தெரிந்தது. அப்படியானால் மூவர் வெளியேறச் சொன்னார்கள். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் லூட்டன் 56.5 சதவிகிதம், பிராட்ஃபோர்டு 54.2 சதவிகிதம் என வெளியேற்றத்தின் பக்கமே நின்றன. பர்மிங்காம் மயிரிழையில், 50.4 சதவிகிதத்தில். வெளியேறச் சொன்ன முஸ்லிம்கள் எல்லாம் குடியேறிகளை வெறுப்பவர்களா? வங்கதேசத்தவர் நடத்தும் உணவகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பக்கத்திலிருந்து சமையல்காரர்களை அழைத்துவர விசா கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், ஐரோப்பியரின் வருகை குறைந்தால் நமக்கு வழி திறக்கும் என்று வெளியேற்ற அணியின் தலைவர்கள் அவர்களுக்கு நம்பிக்கையூட்டினார்கள். அந்த உணவகத் தொழிலைச் சேர்ந்த பலர் அதை நம்பி வாக்களித்தனர். எதிர்பார்த்த வழி திறக்கவில்லை என்று பிறகு அவர்களே வருந்தினர். இவர்களை இனவெறியர் பட்டியலில் சேர்ப்பதா? அல்லது ஏமாளிகள் என்று சிரிப்பதா? பொய் வாக்குறுதி தந்தவரைக் கேள்வி கேட்பது நீதி. அதை நம்பியவரை ஏசுவது நீதியன்று. இந்த வேறுபாட்டை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஏனெனில் வாக்குறுதி தந்தவர் எட்டாத உயரத்தில் இருக்கிறார், நம்பியவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

பிறர் துன்பத்தைக் கண்டு மகிழ்வதை அரபியில் 'ஷமாதத்' என்பார்கள். அதுவும் நடந்தது. ஸ்விண்டன் நகரிலுள்ள தன் கார் ஆலையை மூடப்போவதாக ஹோண்டா நிறுவனம் 2019 பிப்ரவரியில் அறிவித்தது. சுமார் 3,500 பேரின் பிழைப்பு. வாகனத் தொழிலில் உலகெங்கும் நிகழும் மாற்றமே காரணம், ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது காரணமன்று என்று நிறுவனம் சொல்லியும், கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்ற ஏளனங்கள் எழுந்தன. ஸ்விண்டன் வெளியேற வாக்களித்த ஊர்தான். ஆனால் அங்கே வெளியேறச் சொன்னவர்கள் 54.7 சதவிகிதம், எஞ்சிய 45.3 சதவிகிதம் பேர் ஏளனம் செய்தவர்களின் பக்கமே வாக்களித்தவர்கள். ஊரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அந்த ஊரில் தம்மோடு நின்றவர்களையும் சேர்த்தே சிரித்தார்கள்.

அன்பர்களே! பெரும்பான்மைக் கருத்தின்படி முடிவெடுத்து, அதன் பிறகு பெரும் துன்பம் நேர்ந்து, இனி யாரைக் குறை சொல்வது என்ற கேள்வி எழுந்த ஒரு நாள் நம் வரலாற்றிலும் உண்டு. ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டு, உஹது.

மக்காவின் படை வந்துவிட்டது. ஊருக்குள் இருந்தே எதிர்கொள்வதா, வெளியே சென்று போரிடுவதா என்று நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கேட்டார்கள். ஊருக்குள் இருப்பதே நல்லது என்பது நபியவர்களின் கருத்து. பத்ரில் கலந்துகொள்ளும் பேறு கிட்டாத இளைஞர்கள் வெளியே செல்லத் துடித்தனர். ஹம்ஸா (ரலி) அவர்களும் அக்கருத்திலேயே இருந்தார்கள். அந்தக் கருத்தே மேலோங்கியது. அன்றும் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் பின் நபியவர்கள் வீட்டினுள் சென்று கவசம் அணிந்து வெளியே வந்தார்கள். அதற்குள், நாம் வற்புறுத்திவிட்டோமே என்று அத்தோழர்கள் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்றனர். கவசம் அணிந்த இறைத்தூதர் போரிடாமல் அதைக் களைவது தகாது என்ற கருத்தில் பதிலளித்துவிட்டு நபியவர்கள் புறப்பட்டார்கள். எடுத்த முடிவு எடுத்ததுதான்.

புறப்பட்டவர்கள் ஆயிரம் பேர். வழியில் அப்துல்லாஹ் இப்னு உபை சுமார் 300 பேரை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டான். அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: என் பேச்சைக் கேட்காமல் அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டார். ஊருக்குள் இருப்பதே மேல் என்பதுதான் அவனுடைய கருத்தும். கருத்தில் அவன் நபியவர்களோடு ஒத்திருந்தான்! நயவஞ்சகம் வெளிப்பட்டது கருத்தில் அல்ல; கருத்து ஏற்கப்படாதபோது அவன் நடந்துகொண்ட விதத்தில்.

அன்று எழுபது பேர் ஷஹீதானார்கள். ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். நபியவர்களின் திருமுகம் காயமுற்றது. வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களோ, நம் பேச்சைக் கேட்டிருந்தால் கொல்லப்பட்டிருக்க மாட்டார்களே என்று பேசத் தொடங்கினர். ஆலு இம்ரான் அத்தியாயம் இந்தப் பேச்சைப் பதிவு செய்து கண்டிக்கிறது. பின்வாங்கிச் சென்ற அந்த 300 பேரை என்ன செய்வது என்பதில் நபித்தோழர்களே இரு பிரிவாகக் கருத்து மாறுபட்டதையும் குர்ஆன் நிஸா அத்தியாயத்தில் சுட்டிக்காட்டுகிறது. பழி சுமத்தும் பேச்சு நல்லவர்களையும் இரண்டாகப் பிளக்கும் தன்மை உடையது.

தவறு இல்லாமலா தோல்வி வந்தது? இருந்தது. ஆனால் அது வெளியே செல்லலாம் என்று கருத்துச் சொன்னவர்களின் தவறு அன்று. மலையில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களில் பெரும்பாலோர் கட்டளையை மீறி இடத்தை விட்டிறங்கியதே தவறு. குர்ஆன் அதை மறைக்கவில்லை. சுட்டிக்காட்டிய அதே இடத்தில் மன்னிப்பையும் அறிவிக்கிறது. பிறகு நபியவர்களுக்கு மூன்று கட்டளைகள் வருகின்றன: அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருங்கள், காரியங்களில் அவர்களுடன் ஆலோசனை செய்யுங்கள். மூன்றாவதைச் சிந்தியுங்கள். ஆலோசனை கேட்டதன் விளைவு இதுதான் என்று மக்கள் நினைக்கக்கூடிய அந்த நாளில், மீண்டும் ஆலோசனை கேட்கச் சொல்கிறான் அல்லாஹ்.

பிரிட்டன் நெடுந்தொலைவில் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். நம் மஹல்லாக்களில் நிர்வாகத் தேர்தல் நடக்கிறது. நூறு வாக்கோ இருநூறு வாக்கோதான். முடிந்த மறுவாரம் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், ஸலாம் கொடுத்ததும் ஸலாம் சொல்லாமல் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் யார்? அதைத் தேர்தல் முடியும்வரை ஒத்திவைக்கலாம் என்று எந்த நூலிலும் இல்லை. குடும்பங்களிலும் இதேதான். தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. உன்னைப் போன்றவர்களால்தான் என்று ஒருவர் ஆரம்பித்தால், அதன் பிறகு ஸஹர் உணவில்கூட நிம்மதி இருப்பதில்லை.

நடந்து முடிந்த ஒன்றைக் குறித்து, இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 'இருந்தால்' என்ற சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியும்விட்டது. ஆயினும் 'இருந்தால்' அங்கே ஓயவில்லை. வாக்கெடுப்பு நடந்திராவிட்டால், இளைஞர்கள் இன்னும் அதிகமாக வந்திருந்தால், அந்தப் பேருந்து ஓடாதிருந்தால்! வெளியேறியது தவறு என்போரே அதிகம் என அண்மை ஆண்டுகளின் கணிப்புகள் பலவும் காட்டுகின்றன. இப்போது தர்க்கம், தவறா என்பதைப் பற்றியதாகக்கூட இல்லை. யாருடைய தவறு என்பதைப் பற்றியதாக இருக்கிறது.

உஹதுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 5 இல், முன்னைவிடப் பெரிய படை மதீனாவை நோக்கி வந்தது. நபி (ஸல்) அவர்கள் மீண்டும் தோழர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். உஹதுக்கு வெளியே செல்லலாம் என்று வற்புறுத்தியவர்களில் உயிருடன் இருந்தவர்களும் அந்த மக்களில் அடங்குவர். நீங்கள் அன்று சொன்னதன் விளைவைப் பார்த்தோமே என்று அவர்களை ஒதுக்கவில்லை. பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் அகழி தோண்டும் யோசனையைச் சொன்னார்கள். அது ஏற்கப்பட்டது. இம்முறை ஊருக்குள் இருந்தபடியே காத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து மண் தோண்டினார்கள். நபியவர்களும் மண் சுமந்தார்கள்.