நான்காவது ஸ்கோரின் மதிப்பு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹம் நகரில் இருக்கிறது டியூக் பல்கலைக்கழகம். அந்தப் பெயரைச் சொன்னால் விளையாட்டு ரசிகர்களுக்குக் கூடைப்பந்துதான் நினைவுக்கு வரும். அங்கே 1980 முதல் 2022 வரை 42 பருவங்கள் ஆண்கள் அணிக்குப் பயிற்சியளித்த மைக் ஷஷெவ்ஸ்கி ஐந்து தேசியப் பட்டங்களை வென்று தந்தவர். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அதே வளாகத்தில் 1984இல் பெண்கள் கோல்ஃப் அணியின் பொறுப்பை ஏற்றவர் டான் புரூக்ஸ். முதல் தேசியப் பட்டத்துக்கு அவர் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 1999, 2002, 2005, 2006, 2007, 2014, 2019 என ஏழு முறை பட்டம் டர்ஹமுக்கு வந்தது. பெண்கள் கல்லூரி கோல்ஃபில் வேறெந்தப் பயிற்சியாளரும் இத்தனை தேசியப் பட்டங்களை எட்டியதில்லை. ஆனாலும் கோல்ஃப் வட்டாரத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. காரணம், கோல்ஃப் தனியாள் ஆட்டம், அதில் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று நாம் நினைத்துவிடுவதுதான். அந்த நினைப்பு தவறு. கல்லூரி கோல்ஃபின் விதிகளையும் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், அணியின் நட்சத்திரத்தை விட நான்காவது இடத்தில் நிற்கும் பெண்ணின் ஆட்டத்தில்தான் பயிற்சியாளரின் கைவண்ணம் தெரிகிறது.

முதலில் விதியைப் பார்ப்போம். 18 குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க எத்தனை அடிகள் ஆயின என்பதே கோல்ஃபில் ஒருவரின் ஸ்கோர். குறைந்த ஸ்கோர் எடுப்பவர் வெல்வார். கல்லூரி அணியில் ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு நாளும் அந்த ஐந்து பேரில் மிக மோசமான ஸ்கோரைத் தள்ளிவிட்டு, மீதி நான்கையும் கூட்டினால் அதுதான் அணியின் ஸ்கோர். ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். முதல் அணியில் 66, 74, 76, 78, 80 என்று அடிக்கிறார்கள். இரண்டாம் அணியில் 72, 72, 73, 74, 79. முதல் அணியின் நட்சத்திரம் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை ஆறு அடிகளில் முந்திவிட்டார். கூட்டிப் பார்த்தாலோ முதல் அணிக்கு 294, இரண்டாம் அணிக்கு 291. நட்சத்திரத்தின் அணி தோற்றுவிடுகிறது. கிரிக்கெட்டில் ஒருவர் இரட்டைச் சதம் அடித்தால் மற்ற பத்துப் பேரின் சறுக்கலையும் மறைத்துவிட முடியும். இங்கே அதற்கு வழியில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் சராசரியை விட ஐந்தாறு அடிகள்தான் மிச்சப்படுத்த முடியும். நான்காவது பெண் ஒரே ஒரு மோசமான மதியத்தில் அதைத் தொலைத்துவிடலாம். 2015 முதல் தேசியப் போட்டியின் கடைசிக் கட்டம் நேருக்கு நேர் மோதலாக மாறியது. சுற்றுகளின் மொத்த ஸ்கோரில் முந்தும் எட்டு அணிகள் அந்தக் கட்டத்துக்குப் போகும். ஐந்துக்கு ஐந்து பேர் தனித்தனியே மோத, மூன்று மோதல்களில் வெல்லும் அணி முன்னேறும். அங்கே உலகின் முதல்நிலை ஆட்டக்காரியே வந்தாலும் தர முடிவது ஒரு புள்ளிதான்.

டியூக்கின் வரலாற்றை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். தேசியப் போட்டியில் அணிப் பட்டத்தோடு தனிநபர் பட்டமும் உண்டு. டியூக் அணி வென்ற ஏழு ஆண்டுகளில் 2002இல் விரதா நிரபத்பொங்போர்னும் 2005இல் அன்னா கிரெபியனும்தான் டியூக்கின் தனிநபர் சாம்பியன்கள். மற்ற ஐந்து முறையும் தனிநபர் பட்டம் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறது: 1999இல் கிரேஸ் பார்க், 2006இல் தேவி ஸ்க்ரேஃபெல், 2007இல் ஸ்டேசி லூயிஸ், 2014இல் டோரிஸ் சென், 2019இல் மரியா ஃபாஸி. மறுபக்கமும் உண்டு. 2001இல் டியூக்கின் கேண்டி ஹன்னமன் தனிநபர் பட்டம் வென்றபோது அணிப் பட்டம் ஜார்ஜியாவுக்குப் போனது. 2016இல் இத்தாலியிலிருந்து வந்த முதலாண்டு மாணவி வர்ஜினியா எலெனா கார்த்தா எட்டு அடி வித்தியாசத்தில் வென்றபோது அணிப் பட்டம் வாஷிங்டனுக்குப் போனது. 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை என்ற பெயரெடுத்த அமாண்டா புளூமன்ஹெர்ஸ்ட், தேசியத் தனிநபர் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் அவர் ஆடிய டியூக் அணி இரண்டு முறை வென்றது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆடும் போட்டியில் தனிநபர் சாம்பியன் வேறு அணியைச் சேர்ந்தவராக இருப்பது இயல்புதானே, இதை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இந்தப் பட்டியல் மட்டும் இருந்தால் வாதம் நிற்காது. அதனால் மிகப் பெரிய நட்சத்திரங்கள் இருந்த அணிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அயர்லாந்தின் லியோனா மகுவயர் 135 வாரங்கள் உலக அமெச்சூர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். டியூக்கில் அவர் படித்த 2014 முதல் 2018 வரையான நான்கு பருவங்களிலும் அணிப் பட்டம் வரவில்லை. அவர் பட்டம் பெற்றுப் போன அடுத்த ஆண்டே வந்தது. ஸ்வீடனின் அனிகா சோரன்ஸ்டாம் பிற்காலத்தில், கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 10 பட்டங்களை வென்றவர். அவர் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய 1991இல் தனிநபர் பட்டம் வென்றார், அணிப் பட்டம் யு.சி.எல்.ஏ.வுக்குப் போனது, 1992இல் சான் ஹோசே ஸ்டேட் வென்றது. ஸ்டான்ஃபோர்டின் ரோஸ் ஜாங் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் தனிநபர் சாம்பியன். 2022இல் அவரோடு அணியும் வென்றது. 2023இல் அரையிறுதியில் தோற்றது. அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகு 2024இல் மறுபடி வென்றது. நட்சத்திரம் இருந்தால் வெற்றிக்கு உதவும் என்பதை யாரும் மறுக்க முடியாது. நட்சத்திரம் மட்டும் போதாது என்பதையும் இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

அப்படியானால் பயிற்சியாளர் செய்வது என்ன? மட்டையை எப்படிப் பிடிப்பது, எப்படி வீசுவது என்ற பாடம் அதில் சிறு பகுதி. இந்த மாணவிகளில் பலர் சிறு வயதிலிருந்தே சொந்த ஆசிரியரிடம் கற்று, முக்கால்வாசி ஆட்டத்தோடு வருகிறார்கள். பயிற்சியாளரின் முதல் வேலை ஆள் சேர்ப்பது. 16 வயதுப் பெண் 20 வயதில் எப்படி ஆடுவாள் என்பதை இன்றே கணிக்க வேண்டும். அவள் வீட்டாரை நம்ப வைக்க வேண்டும். படிப்பில் தாக்குப்பிடிப்பாளா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலை தேர்வு. அணியில் எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போவது ஐந்து பேர். தங்களுக்குள் தகுதிச் சுற்றுகள் ஆடி இடம் பிடிக்க வேண்டும். ஓர் அடியில் இடம் தவறவிட்ட ஆறாவது பெண்ணிடம் அன்று மாலை பயிற்சியாளர் பேசும் விதம் முக்கியமானது. அடுத்த மாதம் ஒருவருக்கு மணிக்கட்டு வலித்தால் அந்த ஆறாவது பெண்தான் நான்காவது ஸ்கோரைத் தர வேண்டியவர். மனம் உடைந்து அவர் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் அணிக்கு ஒரு பருவமே போய்விடும். பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்காக மாணவியை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்பது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. அந்த நேரத்தை யாருக்கு, எதற்குச் செலவிடுவது என்ற முடிவும் பயிற்சியாளருடையதே.

களத்தில் அவர் வேலை இன்னும் நுட்பமானது. தொழில்முறை கோல்ஃபில் ஆட்டக்காரரின் பக்கத்தில், பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்லும் கேடி இருப்பார். கல்லூரி ஆட்டத்தில் பெண்கள் பையைத் தாங்களே தோளில் சுமந்தோ தள்ளுவண்டியில் வைத்தோ நடக்கிறார்கள். ஆலோசனை சொல்லும் உரிமை பயிற்சியாளருக்கு உண்டு. ஐந்து பேரும் ஐந்து இடங்களில் ஆடிக்கொண்டிருப்பார்கள். யாரோடு நடப்பது என்பதே ஒரு தீர்ப்பு. பலர் போய் நிற்கும் இடம், தண்ணீரைத் தாண்டி ஒரே அடியில், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனுக்குப் பந்தை அனுப்ப வேண்டிய குட்டையான பார் மூன்று குழி. கொடிக் கம்பு தண்ணீரின் ஓரத்தில் இருக்கிறது, காற்று எதிரே வீசுகிறது. கொடிக்கே குறிவைக்க அந்தப் பெண்ணின் கை துடிக்கும். இன்னும் தூரம் போகும் மட்டையை எடு, கிரீனின் நடுவுக்கு அடி என்று பயிற்சியாளர் சொல்கிறார். கொடியருகே விழும் ஒரு நல்ல பந்து ஓர் அடியை மிச்சப்படுத்தும். தண்ணீரில் விழும் ஒரு பந்து இரண்டு அடிகளைத் தின்னும். நான்காவது ஸ்கோர் பெரும்பாலும் குறைவது அற்புதமான குழிகள் கூடுவதால் இல்லை, படுமோசமான குழிகள் குறைவதால்தான். 78ஐ 75 ஆக்கும் இந்தப் பொறுமையான வேலை எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை. கூட்டல் கணக்கில் மட்டும் வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் பணம்தானே காரணம் என்பது அடுத்த கேள்வி. டியூக் வசதியான தனியார் பல்கலைக்கழகம். வளாகத்திலேயே புகழ்பெற்ற மைதான வடிவமைப்பாளர் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் அமைத்த கோல்ஃப் மைதானம் 1957 முதல் இருக்கிறது. பணத்துக்குப் பங்கு உண்டு. கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம் இல்லாவிட்டால், பெண்கள் கோல்ஃபுக்குப் பல்கலைக்கழகங்கள் இவ்வளவு செலவழித்திருக்குமா என்பது சந்தேகமே. நெடுங்காலம் முதல்நிலைப் பிரிவில் பெண்கள் கோல்ஃப் அணிக்கு ஆறு முழு உதவித்தொகைகளும், ஆண்கள் அணிக்கு நாலரையும் என்று வரம்பு இருந்தது. ஆனால் அந்த ஆறு எல்லோருக்கும் ஒரே ஆறுதான். டியூக் அளவுக்கு வசதியுள்ள பல்கலைக்கழகங்கள் பல உண்டு. அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஆண்டு முழுக்க வெயில் காய்கிறது, டர்ஹமுக்கோ குளிர்காலம் உண்டு. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான சான் ஹோசே ஸ்டேட், மார்க் கேலின் பயிற்சியில் 1987, 1989, 1992 என மூன்று முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அது பணக்காரப் பல்கலைக்கழகம் என்று பெயரெடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவிகள் நான்கு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள். 1999இல் வென்றவர்களில் எவரும் 2005இல் இல்லை, 2007இல் வென்றவர்களில் எவரும் 2014இல் இல்லை. இத்தனை தலைமுறைகளுக்கும் பொதுவாக இருந்தவர் பயிற்சியாளர்.

மிகச் சிறந்தவர்களுக்குக் கல்லூரியே தேவையில்லையே என்றும் சிலர் சொல்வார்கள். நியூசிலாந்தின் லிடியா கோ கல்லூரி அணியில் ஆடாமலேயே உலகின் முதலிடத்துக்கு வந்தார். பெங்களூருவின் அதிதி அசோக் 17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராகி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தார். அவர்களுக்கு அந்தப் பாதை சரியாக இருந்தது. ஆனால் எல்லோருடைய திறமையும் 17 வயதில் பழுத்துவிடுவதில்லை. முதுகுத்தண்டு வளைவுக்காக ஆண்டுக்கணக்கில் பட்டை கட்டியிருந்த ஸ்டேசி லூயிஸ், பள்ளி முடித்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, உலோகத் தண்டும் ஐந்து திருகாணிகளும் பொருத்திய முதுகோடு ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் ஆண்டு போட்டிகளில் ஆடவே இல்லை. 2007இல் தேசியச் சாம்பியன் ஆனார். பின்னாளில் இரண்டு மேஜர் பட்டங்களும் உலக முதலிடமும் அவரைத் தேடி வந்தன. பரிசுப் பணத்தை நம்பி வாழும் தொழில்முறை உலகம் ஒரு பெண்ணுக்காக ஓர் ஆண்டு காத்திருக்காது, கல்லூரி காத்திருக்கும். டியூக்கில் நான்கு ஆண்டுகள் படித்து, 2014 அணிப் பட்டத்தில் பங்கு கொண்ட செலின் பூட்டியே, 2023இல் எவியான் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் பிரெஞ்சுப் பெண் ஆனார். மகுவயர் 2022இல், பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றான எல்.பி.ஜி.ஏ.வின் போட்டியொன்றை வென்ற முதல் அயர்லாந்துப் பெண் ஆனார். தொழில்முறைக்குப் போகாத பெரும்பாலோரின் கையிலும் கல்லூரிப் பட்டம் ஒன்று இருக்கிறது.

பெண்கள் அணிக்கு ஆண் பயிற்சியாளர் என்பதும் எளிதில் கடந்துவிடக் கூடிய விஷயமல்ல. டைட்டில் நைன் வருவதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளுக்குப் பெரும்பாலும் பெண்களே பயிற்சியளித்தார்கள். சம்பளம் கூடியபோது அந்த இடங்களில் பல ஆண்களிடம் போயின. ஆகவே புரூக்ஸின் சாதனையைச் சொல்லும்போது, அரிசோனா ஸ்டேட்டில் 1990 முதல் 1998 வரையான ஒன்பது ஆண்டுகளில் ஆறு பட்டங்கள் வென்று தந்த லிண்டா வோல்ஸ்டெட்டையும், ஸ்டான்ஃபோர்டுக்கு 2015, 2022, 2024 பட்டங்களைத் தந்த ஸ்காட்லாந்துப் பெண் ஆன் வாக்கரையும் சொல்லாமல் விடுவது அநீதி. பருவநிலையும் பணபலமும் காலமும் வேறுவேறாக இருந்தும், மூவரும் ஒரு தடவையோடு நிற்காமல் மறுபடி மறுபடி வென்றிருக்கிறார்கள். ஒரு தடவை வெல்ல ஒரு நட்சத்திரமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் போதும். புது முகங்களை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெல்ல, அணி முழுவதையும் உயர்த்தத் தெரிந்திருக்க வேண்டும்.

2019இன் இறுதி மோதல் இதைத் தெளிவாகக் காட்டியது. எதிரணியான வேக் ஃபாரஸ்டில், முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியனும், அந்த ஏப்ரலில் அகஸ்டாவில் நடந்த முதல் பெண்கள் அமெச்சூர் போட்டியை வென்றவருமான ஜெனிஃபர் கப்சோ இருந்தார். டியூக்கின் ஐவர் சீனா, ஸ்லோவேனியா, தாய்லாந்து, இத்தாலி, பக்கத்து ஊரான சேப்பல் ஹில் என ஐந்து இடங்களிலிருந்து வந்தவர்கள். 3க்கு 2 என்று டியூக் வென்றது. அந்த ஐவரில் ஒருவர், 2016இல் தனியாளாகப் பட்டம் வென்றும் அணிப் பட்டம் கிட்டாமல் போன கார்த்தா. படிப்பின் கடைசி ஆண்டில் அவருக்கு அது கிடைத்தது. எந்த விளையாட்டிலும் பயிற்சியாளரைப் பாராட்டும்போது அவர் உருவாக்கிய நட்சத்திரத்தின் பெயரைச் சொல்வதே வழக்கம். அது பாதி அளவுகோல்தான். யாருக்கும் பெயர் தெரியாத நான்காவது பெண் முதலாண்டில் எத்தனை அடித்தார், நான்காம் ஆண்டில் எத்தனை அடித்தார் என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே பயிற்சியாளரின் உழைப்பு. அணித் தேர்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் பெற்றோரும் ஒரு பயிற்சியாளரை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.