குழாய்க்குள்ளும் ஒரு கணக்கு உண்டு!



வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கத் துணி கொடுக்கும் தாய் என்ன சொல்கிறாள்? "கொஞ்சம் தாராளமாகத் தையப்பா, அடுத்த பொங்கலுக்கும் ஆக வேண்டும்" என்கிறாள். ஏடறியாத அந்தத் தாய்க்குத் தெரிந்த கணக்கு, ஊருக்குக் குழாய் பதிக்கும்போது மறந்துவிடலாமா? சட்டை பற்றாவிட்டால் வேறு தைக்கலாம். குடிநீர்த் திட்டமோ 30 ஆண்டுகளை எண்ணித் தீட்டப்படுவது. இன்று தவறினால், நாளை குடத்தோடு நிற்பவள் நம் வீட்டுப் பெண்தான்!

பச்சைமலைக்குக் கிழக்கே பெரம்பலூர். அதற்கும் கிழக்கே அரியலூர். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தாம். ஆனால் தலைக்கணக்கைப் பாருங்கள். பெரம்பலூர் நகரில் 2001-இல் 37,631 பேர். 2011-இல் 49,648 பேர். பத்தாண்டில் 12,017 பேர் கூடினர், அதாவது நூற்றுக்கு 32. அரியலூர் நகரிலோ 27,827 பேர் 28,902 ஆயினர். கூடியது 1,075 பேர்தான்! இரண்டு ஊருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா?

வருங்கால மக்கள்தொகையைக் கணிக்கப் பொறியாளர்கள் பல வழிகளைக் கையாளுவர். பத்தாண்டுக்கு இத்தனை பேர் எனக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. அவ்வழியில் 2041-இல் பெரம்பலூரில் 85,700 பேர். நூற்றுக்கு இத்தனை எனப் பெருக்கிக்கொண்டே போவது மற்றொரு வழி. அவ்வழியில் 1,14,000 பேர்! பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மைய அரசின் கையேடு வகுத்த அளவு. இரு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டும் அன்றாடம் 38 லட்சம் லிட்டர்! தாளில் ஒரு வரி மாறினால் தெருவில் எத்தனை குடம் காயும், எண்ணிப் பாருங்கள்.

சாக்கடை வசதி இல்லாத ஊருக்கு அதே கையேடு வகுத்தது எவ்வளவு தெரியுமா? 70 லிட்டர்! 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தானுக்கு 55 லிட்டர். சாக்கடை இல்லாதவனுக்குத் தாகமும் பாதிதானோ? சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் உழைத்துத் தூசியோடு வீடு திரும்புபவன் பாதி உடம்பைத்தான் கழுவ வேண்டுமோ?

அரியலூர் வளரவில்லையே என்று சொல்லிக் கையை விரிக்கவும் இடமில்லை. 2007-இல் மீண்டும் மாவட்டத் தலைநகரானது. 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய மருத்துவமனையில் படுக்கை ஒன்றுக்கு 450 லிட்டர் வேண்டும் என்பது விதி. 200 படுக்கை என்றாலே 90,000 லிட்டர். நோயாளியும் மாணவரும் சிமெண்ட் லாரி ஓட்டுநரும் அவ்வூர்க் கணக்கில் வராதவர்கள். ஆனால் அவர்களுக்கும் தாகம் உண்டே!

இத்தனைக்கும் அடிப்படை தலைக்கணக்கு. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய அந்தக் கணக்கை டில்லி அரசு அந்த ஆண்டில் எடுக்கவில்லை. பெருந்தொற்றைக் காரணம் காட்டினார்கள். தொற்று தணிந்த பின்னும் ஆண்டுகள் கழிந்தன. பெரம்பலூர் பழைய வேகத்திலேயே வளர்ந்திருந்தால், 2021-க்குள் ஏறத்தாழ 16,000 பேர் ஏட்டில் இல்லாத மக்கள். ஏட்டில் இல்லாதவனுக்கு எவன் தண்ணீர் ஒதுக்குவான்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இதே அரியலூர்ச் சீமையில், கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய இராசேந்திரன் கோயிலோடு நின்றானா? சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டினான். தலைநகருக்கு முதல் தேவை தண்ணீர் என அறிந்திருந்தான்.

ஆகவே தோழர்களே, உங்கள் வார்டில் திட்டம் பேசப்படும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஆண்டுத் தலைக்கணக்கு? எந்த ஆண்டு வரைக்கும்? ஆளுக்கு எத்தனை லிட்டர்? அறிவிப்புப் பலகையை மட்டும் பார்த்துக் கைதட்டாதீர்கள். கணக்கைக் கேளுங்கள். குடம் நிறைவது அதைப் பொறுத்தே!