ஆள் பாதி, ஆடை பாதியா?

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மணவீட்டுக்குப் புறப்படும் வேளையிலும், பிள்ளையை நேர்முகப் பரீட்சைக்கு அனுப்பும் வேளையிலும் வீட்டுப் பெரியோர் வாயில் இது தவறாது வந்துவிடும். இதற்கு எதிராக இன்னுமொரு பழமொழியும் நம்மிடம் உண்டு: “கந்தையானாலும் கசக்கிக் கட்டு.” முன்னது, நல்லாடை இல்லையேல் நீ பாதி மனிதனே என்று நம்மை அச்சுறுத்துகின்றது. பின்னது, ஆடை எதுவாயினும் நீ முழு மனிதனாகவே நிற்கலாம் என்று தைரியமூட்டுகின்றது. இரண்டில் எது மெய்? இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

நம் வீட்டுச் சுவர்களிலே தொங்கும் பழைய புகைப்படங்கள் இவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும். பாட்டனார் வேட்டியும் சால்வையும் தரித்து, நெற்றியில் திருநீற்றுடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவருடைய மகனோ கோட்டும் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, மூச்சு விடவும் அஞ்சியவர்போல நிமிர்ந்து நிற்பார். இடையே நிகழ்ந்தது என்ன? கந்தோர் உத்தியோகம் வந்தது. நமது வெயிலுக்குச் சற்றும் பொருந்தாத அக்கோட்டு உடலுக்கென்று தைத்ததன்று, உத்தியோகத்துக்கென்று தைத்தது. ஒரே கோட்டினை அண்ணனும் தம்பியும் மாறிமாறி அணிந்து நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற குடும்பங்கள் நம்மூர்களில் இருந்தன. தோள் சற்று அகலமாக இருப்பினும் கேட்பார் இல்லை. கோட்டு இல்லை என்பதற்கே கேள்வி உண்டு.

1948 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது, கோட்டு மாறவில்லை. தாலி கட்டும் வேளையில் பட்டு வேட்டியுடன் விளங்கும் மணமகன், மாலை வரவேற்புக்குக் கோட்டும் சூட்டுமாக மேடையேறுவதை இன்றும் காண்கின்றோம். இதனைப் பழிப்பது நம் கருத்தன்று. அழகாக உடுத்துவது மனிதனுக்கு மகிழ்ச்சி தருவது. ஆயின், கோட்டு அணிந்தவனுக்கு ஒரு வணக்கமும், அணியாதவனுக்கு வேறொரு வணக்கமும் நம் கைகள் ஏன் வைத்திருக்கின்றன என்பதே நாம் நினைக்கவேண்டியது.

ஓர் இலிகிதரின் மேலங்கி

இதனை நெஞ்சில் தைக்கும்படி சொன்ன கதை ஒன்று உண்டு. ருசிய நாட்டு எழுத்தாளர் நிக்கொலாய் கோகல் 1842 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மேலங்கி’ என்னும் கதையே அது. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்துக் கந்தோர் ஒன்றிலே பிரதி எழுதும் இலிகிதர் அக்காக்கி அக்காக்கியேவிச். ஆண்டுச் சம்பளம் நானூறு ரூபிள். உடன் வேலை செய்வோர் அவரைப் பரிகசிப்பர். கடதாசித் துண்டுகளைக் கிழித்து அவர் தலைமேல் தூவி, பனி பெய்கின்றது என்று நகைப்பர். என்னை ஏன் துன்புறுத்துகின்றீர்கள் என்று அவர் மெல்லக் கேட்பதன்றி வேறொன்றும் அறியார். அக்குரலினுள்ளே ஒரு சகோதரனின் முறையீட்டைக் கேட்டு நடுங்கிப்போன இளைஞன் ஒருவனும் அங்கிருந்தான்.

அந்நகரத்துக் குளிர் கொடியது. இலிகிதரின் பழைய மேலங்கியோ நைந்து நூலாகிவிட்டது. இனி ஒட்டுப் போடவும் இடமில்லை, புதிதுதான் தைக்கவேண்டும் என்று தையற்காரன் கூறிவிடுகின்றான். அன்று தொடங்கி அவர் மாலைத் தேநீரை நிறுத்துகின்றார். இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. சப்பாத்தின் அடி தேயாதிருக்கத் தெருவிலே மெதுவாக நடக்கின்றார். பல மாதங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் மேலங்கி உருவாகின்றது.

அதனை அணிந்து கந்தோருக்குச் சென்ற அன்று நடந்ததைப் பாருங்கள். கடதாசி தூவியவர்களே சூழ்ந்துகொண்டு வாழ்த்துகின்றனர், விருந்துக்கும் அழைக்கின்றனர். மனிதர் நேற்றைய மனிதரே. அறிவும் குணமும் நேற்றையனவே. புதிதாக வந்தது ஒன்றுதான். அவர்கள் வாழ்த்தியது அவரையன்று, அந்த மேலங்கியை. விருந்து முடிந்து திரும்பும் இரவிலே கள்வர் அதனைப் பறித்துச் செல்கின்றனர். உதவி நாடிச் சென்ற பெரிய அதிகாரி அவரைச் சீறி விரட்டுகின்றார். பனியிலே நடந்து வீடு திரும்பியவர் காய்ச்சலில் விழுந்து இறந்துபோகின்றார். அவர் இறந்த செய்தி கந்தோருக்குத் தெரியவே சில நாட்கள் ஆயின.

குளிர் அவரைக் கொன்றது என்று வைத்தியர் சொல்லலாம். ஆனால் அக்கந்தோரில் இருந்த கண்கள் அதற்கு முன்பே தம் வேலையைத் தொடங்கிவிட்டன என்று நமக்குத் தோன்றுகின்றது.

அணிந்ததும் களைந்ததும்

கதையை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். ஆடையின் பொருளைத் தம் உடம்பிலேயே பரிசோதித்து அறிந்தவர் மகாத்மா காந்தி. 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில், பத்தொன்பது வயது நிரம்பாத மாணவராக அவர் இங்கிலாந்திலே கப்பலை விட்டு இறங்கினார். கரையிறங்கும் நாளுக்கென்றே பத்திரப்படுத்திய வெள்ளைப் பிளனல் உடையை அணிந்திருந்தார். சுற்றிப் பார்த்தால், இலையுதிர் காலத்தில் வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே! பெட்டிகளோ முகவரிடம் இருந்தன. மறுநாள் ஞாயிறாதலால் மாற்றுடை எடுக்கவும் வழியில்லை. அந்நாணம் அவரை வேறோர் எல்லைக்குத் துரத்தியது. பத்தொன்பது சிலிங்குக்கு உயர்ந்த தொப்பி, பொண்ட் வீதியிலே பத்துப் பவுணுக்கு மாலையுடை, தமையனாரிடம் கேட்டுப் பெற்ற இரட்டைப் பொற்சங்கிலி என்று சேர்த்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்வதற்காக நாள்தோறும் பெரிய கண்ணாடி முன்னே பத்து நிமிடங்கள் நின்றார். இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே ஒளியாது எழுதியிருக்கின்றார்.

1893 ஆம் ஆண்டில் அவர் தென்னாபிரிக்கா சென்றபோது ஆடை வேறொரு முகம் காட்டியது. டேர்பன் நீதிமன்றத்திலே தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதவான் பணித்தார். கழற்றுவது அவமானம் என்று கருதிய காந்தி வெளியேறினார். மறு ஆண்டு அந்நாட்டில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்ற நாளில், பிரதம நீதியரசர் கேட்டுக்கொண்டபடி அதனைக் கழற்றினார். நண்பர்கள் மனம் வருந்தினர். தம் வலிமையைப் பெரிய போராட்டங்களுக்காகச் சேமிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அதன்பின் சில மாதங்களுள் நிகழ்ந்ததே நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி. பாலசுந்தரம் என்னும் தமிழர் ஒருவர் அவர் முன்னே வந்து நின்றார். ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர் அவர். எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிந்தது. உடையோ கந்தல். நின்று நடுங்கி அழுதார். தலையிற் கட்டியிருந்த துணியைக் கழற்றிக் கையிலே பிடித்திருந்தார்! வெள்ளையர் முன்னே போகும் கூலியாள் தலைத்துணியைக் கழற்றிவிடவேண்டும் என்பது அங்கே வழக்கமாயிருந்தது. இரு கைகூப்பி வணங்கினும் போதாது. காந்தியின் முன்னும் அவ்வாறே செய்யவேண்டும் என்று அந்த ஏழை எண்ணிவிட்டார்.

காந்தி என்ன செய்தார்? தலைத்துணியைக் கட்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். பாலசுந்தரம் தயங்கினார், பின்னர் கட்டிக்கொண்டார். அப்போது அவர் முகத்திலே மகிழ்ச்சி தோன்றியதைக் காந்தி கண்டார். வைத்தியரின் சான்று, நீதவானிடம் முறைப்பாடு, வேறோர் எசமானனிடம் மாற்றம் ஆகிய யாவும் பின்னர் வந்தன. உடைந்த பல்லுக்கு நியாயம் தேடுமுன் குனிந்த தலைக்குத் துணியைத் திருப்பிக் கொடுத்தாரே, அங்கேயே அவ்வழக்கு வெல்லப்பட்டது என்போம். கழற்று என்ற குரலைத் தாமே இருமுறை கேட்ட ஒருவர்க்கே, கட்டிக்கொள் என்று சொல்லவும் தோன்றிற்று.

கொழும்பிலே ஒரு தொப்பி

இவையெல்லாம் வேற்று நாட்டுச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. 1905 ஆம் ஆண்டில் இலங்கையின் முதல் முஸ்லிம் அப்புக்காத்தான எம். சி. அப்துல் காதர், கொழும்பு உயர் நீதிமன்றத்திலே துருக்கித் தொப்பியுடன் நின்று வழக்குரைக்கத் தடுக்கப்பட்டார். ஒரு தொப்பிதானே என்று அச்சமூகம் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு முடிவிலே மருதானைப் பள்ளிவாசல் வளவிற் பெருங்கூட்டம் கூடிற்று. முறையீடுகள் சென்றன. ஈற்றில் அத்தொப்பியுடன் மன்றில் தோன்றும் உரிமை கிடைத்தது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மேனாட்டுடையைக் கண்மூடிப் பின்பற்றும் நம்மவரின் போக்கைக் கண்டித்து ‘இரவற் சிறகுகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் எழுதியதும் அதே ஆண்டிலேதான்.

இரவற் சிறகை நம்மிடம் சேர்த்தது யார்? வேட்டியுடன் வந்தவரை வாயிலில் நிறுத்திவிட்டு, கோட்டுடன் வந்தவர்க்கு நாற்காலி இட்டவர்களே. அவர்களுள் வெள்ளையர் மட்டுமன்றி நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காந்தி மேலும் நடந்தார். 1913 ஆம் ஆண்டில், வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மேனாட்டுடை களைந்து அத்தொழிலாளரின் உடையிலேயே மக்கள் முன் தோன்றினார். 1921 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி மதுரையிலே அரையாடையை மேற்கொண்டார். கதர் வாங்கவும் வழியற்ற ஏழைகளைக் கண்டபின் அவருக்குச் சட்டை பாரமாயிற்று. 1927 ஆம் ஆண்டு நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கைக்கும், யாழ்ப்பாணத்துக்கும் வந்தபோதும் அவ்வுடையே. 1931 ஆம் ஆண்டில் இலண்டன் பக்கிங்ஹாம் மாளிகையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரைக் கண்டபோதும் அவ்வுடையே. கண்ணாடி முன்னே பத்து நிமிடம் நின்ற அதே மாநகரம்! தம்மைப் பிறர் எவ்வாறு காண்பர் என்ற கவலை நீங்கி, பிறரைத் தாம் எவ்வாறு காண்பது என்ற கவலை வந்துவிட்ட மனிதர்க்கு ஆடை எளிதாகிவிடுகின்றது.

தமிழ் கண்ட ஆடை

நம் சான்றோரும் இதனையே வேறு வகையாற் கண்டனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மழைக்காலத்திலே அகவிய மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயில் அதனை உடுக்காது, போர்த்தாது என்பதை அறிந்தே ஈந்தான் என்று பரணர் பாடுகின்றார். கொடைமடம் என்று இதனைச் சொல்வர். ஆயின் புறநானூறு அத்துடன் நின்றுவிடவில்லை. அப்பேகனே தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவள் கண்ணீர் காணாதிருந்தான். புலவர்கள் அவனிடம் சென்று, எமக்குப் பரிசில் வேண்டா. அவள் துயர் தீர்ப்பதே யாம் வேண்டும் பரிசில் என்று இரந்தனர். காட்டு மயிலின் குளிர் கண்ட கண்ணுக்கு வீட்டவளின் துயர் தெரியாது போவதும் உண்டு. இவ்வெச்சரிக்கை பேகனுக்கு மட்டும் உரியதன்று.

வள்ளுவரோ நட்பின் இலக்கணத்துக்கு உவமை தேடியபோது, நழுவும் ஆடையை அக்கணமே சென்று பற்றும் கையைக் கண்டார். அக்கை யோசிப்பதில்லை, அனுமதி கேட்பதில்லை. பிறன் மானம் நழுவும்போது நம் கண் அதனை வேடிக்கை பார்க்கின்றதா, நம் கை அதனைப் பற்றுகின்றதா? ஆடையைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இவ்வினாவில் வந்து முடிகின்றது.

ஆதலால் மாணவர்களே, நம் பாடசாலைகளிலே யாவரும் வெள்ளைச் சீருடை அணிவது ஏன் என்று சிந்தியுங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாளர் பிள்ளையும் ஒரே வாங்கில் ஒரே நிறத்தில் அமரவேண்டும் என்பதற்கன்றோ? ஆயினும் கூர்ந்து பார்ப்போர்க்கு வேற்றுமை தெரியும். ஒரு சட்டை புதிது. மற்றொன்று அண்ணனிடமிருந்து வந்தது. ஒன்றின் வெண்மை பளிச்சிடும். மற்றொன்று பழுப்பேறி, தோளிலே நுண்ணிய தையலுடன் இருக்கும். அத்தையலை முந்திய இரவு விளக்கடியிலே ஒரு தாய் இட்டிருப்பாள். அதனைச் சுட்டிக்காட்டி நகைப்பவன், அக்காக்கியின் தலைமேற் கடதாசி தூவியவன். கண்டும் காணாதவன்போல அருகில் வந்து அமர்பவனோ, தலைத்துணியைக் கட்டிக்கொள் என்று சொன்னவன் வழி வந்தவன்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். பெருநாளுக்குப் புத்தாடை வாங்கும்போது அதன் விலையைப் பிள்ளைகள் முன்னே பேசாதிருக்கலாம். வாசலில் வந்து நிற்பவரை, உடையைப் பார்த்தபின் அழைப்பதை விடுத்து, முகத்தைப் பார்த்து அழைக்கலாம். பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் கண் போகும் திசையையே கற்றுக்கொள்கின்றனர்.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். கந்தையைக் கசக்கிக் கட்டுவது உடுப்பவன் கடமை. அதனை அவன் செய்துவிட்டான். அவன் பாதி மனிதனா, முழு மனிதனா என்பது இனி அவன் ஆடையில் இல்லை. எதிரே நிற்கும் நம் கண்ணிலேதான் இருக்கின்றது.