சரியா ஆடியும் தோத்தாச்சா? போக்கர் தோல்வியை அலசுவது எப்படி?

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஓசூரில் பெங்களூரு பஸ் ஏறினால், ஜூஜூவாடி தாண்டியதும் அத்திப்பள்ளி. அங்கிருந்து கர்நாடகா. அந்தப் பக்கம் ஒரு போக்கர் டோர்னமென்ட்டுக்குப் போய், நுழைவுக் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பும் ஒருவர் தலைக்குள் ஒரே கேள்விதான் ஓடும்: 'அந்தக் கையை நான் ஃபோல்டு பண்ணியிருக்கணுமோ?'

பதில் 'ஆமா' என்றும் இருக்கலாம், 'இல்ல' என்றும் இருக்கலாம். ஆனால், தோற்றோம் என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஏன்?

ஒரு மணி நேரத்தில் வெளியே போன சாம்பியன்

2017 ஜூலை, லாஸ் வேகாஸ். வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆடியவர்கள் 7,221 பேர். அதில் ஒருவர் வனெசா செல்ப்ஸ்ட். அப்போது நேரடி டோர்னமென்ட்களில் உலகிலேயே அதிகம் சம்பாதித்த பெண் ஆட்டக்காரர்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அவர் கைக்கு வந்தது இரண்டு ஏஸ். போக்கரில் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எதிரே பிரான்ஸின் கேல் பாமன், கையில் இரண்டு ஏழு. மேஜையில் விழுந்த பொதுச் சீட்டுகள்: ஏஸ், 7, 5, 7, 4. செல்ப்ஸ்டுக்கு ஃபுல் ஹவுஸ். பாமனுக்கு நான்கு ஏழு! கடைசிச் சுற்றில் செல்ப்ஸ்ட் பந்தயம் கட்ட, பாமன் ஆல்-இன் போனார். செல்ப்ஸ்ட் யோசித்தார், கால் செய்தார், வெளியேறினார்.

ஃபோல்டு பண்ணியிருக்கணுமா?

கொஞ்சம் கணக்கு போடுவோம். செல்ப்ஸ்ட் கண்ணுக்குத் தெரிந்தவை 7 சீட்டுகள். மீதி 45. அதில் எதிராளி கையில் இருக்கக்கூடிய ஜோடிகள் 990. அவரைத் தோற்கடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று: மிச்சமிருக்கும் அந்த இரண்டு ஏழு.

'990-ல் ஒண்ணுதானே, கண்ணை மூடிட்டு கால் பண்ணலாம்' என்று தோன்றும். ஆனால், அதுவும் அரைகுறைக் கணக்குதான். சும்மா எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் யாரும் ஆல்-இன் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: *இவ்வளவு தைரியமாக வருகிறவர் கையில் என்னென்ன இருக்கலாம்?*

* 7-7: 1 வழி
* ஏஸ்-7: 2 வழிகள்
* 5-5: 3 வழிகள்
* 4-4: 3 வழிகள்

இவை எல்லாவற்றையும் வைத்து பாமன் ஆல்-இன் போவார் என்றால், 9-ல் 8 முறை செல்ப்ஸ்டுக்குத்தான் வெற்றி. 'அனுபவசாலி 5-5, 4-4 வைத்துக்கொண்டு அப்படி ரெய்ஸ் பண்ண மாட்டார், சும்மா கால்தான் பண்ணுவார்' என்பது எதிர்வாதம். சரி, அவற்றை நீக்குவோம். அப்போதும் ஏஸ்-7க்கு 2, 7-7க்கு 1. கால் செய்வதே சரி. ஏஸ்-7 வைத்தும் அவர் ஆல்-இன் போக மாட்டார், வெற்று மிரட்டலுக்கும் வாய்ப்பில்லை என்று நம்பினால் மட்டும்தான் ஃபோல்டு சரி.

ஒரு கையை அலசுவது என்பது இதுதான். எதிராளி எப்படி ஆடுவார் என்ற அனுமானத்தைப் பற்றித்தான் விவாதம். கடைசியில் என்ன சீட்டு வந்தது என்பதைப் பற்றி அல்ல.

ஜெயிச்சாலும் தப்பு தப்புதான்

இப்போது உல்டாவாகப் பார்ப்போம். பாட்டில் 200 சிப்ஸ். எதிராளி இன்னொரு 200 கட்டுகிறார். ஃப்ளஷ் ஆக உங்களுக்கு ஒரு சீட்டு தேவை, வர வேண்டியது ஒரே ஒரு சீட்டு. பார்க்காத 46 சீட்டுகளில் உதவக்கூடியவை 9. அதாவது, சுமார் 20 சதவீத வாய்ப்பு. ஆனால், 600 ஆகும் பாட்டுக்காக நீங்கள் 200 போடுகிறீர்கள். நஷ்டமில்லாமல் இருக்கவே 33 சதவீதம் தேவை.

கால் செய்கிறீர்கள், ஃப்ளஷ் விழுகிறது, பாட் உங்களுக்கு. மேஜையே கைதட்டும். ஆனாலும், அது தப்பான கால். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கை காலியாகும்.

டோர்னமென்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்ஸ் தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு ஆல்-இன்னிலும் 80 சதவீத வாய்ப்போடு போனாலும், ஐந்து முறை தொடர்ந்து தப்பிப் பிழைக்க வாய்ப்பு வெறும் 33 சதவீதம். அதனால், ஒரு டோர்னமென்ட் தோல்வி உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது ரொம்பக் குறைவு.

இங்கேதான் ஆபத்து

'நான் சரியாத்தான் ஆடினேன், லக் இல்ல.' செல்ப்ஸ்ட் சொன்னால் அது கணக்கு. சம்பளம் வந்த மூன்றாம் நாளே அக்கவுன்ட் காலியானவர் சொன்னால், அடுத்த கடனுக்கான முதல் வரி. வாக்கியம் ஒன்றுதான். வித்தியாசம்? முதலாமவர் தோற்ற கையை எழுதி, எண்ணிப் பார்க்கிறார். ஜெயித்த கையையும் அதே கண்டிப்போடு பார்க்கிறார்.

'இது திறமை ஆட்டம்' என்ற வாதத்தைத்தான் நீதிமன்றங்களிலும் நிறுவனங்கள் வைத்தன. 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், அந்தப் பட்டியலை ரத்து செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கர்நாடகா 2021-ல் போட்ட தடையை, 2022 பிப்ரவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் நீக்கியது.

பிறகு தமிழ்நாடு வேறு வழியில் போனது. பணம் வைத்து ஆட ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை லாகின் கிடையாது என்று விதி கொண்டுவந்தது. திறமை ஆட்டமாகவே இருந்தாலும், மக்கள் நலனுக்காக இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடம் தரவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை.

அப்போ, அந்தக் கையை என்ன செய்வது?

பஸ்ஸிலேயே ஃபோனில் எழுதி வையுங்கள்: உங்கள் சீட்டு, பொதுச் சீட்டு, பாட் எவ்வளவு, எதிராளி என்ன செய்தார். முடிவை மட்டும் எழுதாதீர்கள். ஆடத் தெரிந்த நண்பரிடம் காட்டி, 'நீ என்ன பண்ணுவ?' என்று கேளுங்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று தெரியாமல் அவர் சொல்லும் பதில்தான் நேர்மையானது.

கூடவே இன்னொரு வரியும் எழுதுங்கள்: இந்த மாதம் மொத்தம் எவ்வளவு போனது? அந்த எண்ணை வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால், இனி அலச வேண்டியது கையை அல்ல. மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம்.