தபரே வாஸ்கேஸ்: உருகுவேயை ஆண்ட புற்றுநோய் மருத்துவர்

தென் அமெரிக்க நாடான உருகுவேயின் அதிபராக இரண்டு முறை இருந்த தபரே வாஸ்கேஸ், தொழிலால் புற்றுநோய் மருத்துவர். சுமார் 35 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில், ராணுவ ஆட்சிக் காலம் நீங்கலாக, ஏறத்தாழ 170 ஆண்டுகள் கொலராடோ, பிளாங்கோ என்ற இரு கட்சிகளின் கையிலேயே ஆட்சி இருந்தது. அதை முதலில் மாற்றிய இடதுசாரித் தலைவர் இவர். சிகரெட் நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, சர்வதேசத் தீர்ப்பாயத்திலும் வென்ற தலைவராக உலகம் இவரை அறியும்.

வாஸ்கேஸ் 1940 ஜனவரி 17 அன்று தலைநகர் மொண்டெவீடியோவில், லா தேஹா என்ற தொழிலாளர் பேட்டையில் பிறந்தார். அங்கேதான் அரசு எண்ணெய் நிறுவனமான அன்காப்பின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. தந்தை அந்த நிறுவனத்தின் ஊழியர், தொழிற்சங்கக்காரர். குடும்பத்துக்கு வசதி இல்லாததால் இளம் வயதிலேயே சின்னச் சின்ன வேலைகளுக்குப் போய்க்கொண்டே படித்தார். 1960களில் தாய், தந்தை, சகோதரி என வீட்டில் மூவரைப் புற்றுநோய் கொண்டுபோனது. எந்தத் துறையில் மருத்துவராவது என்பதை அந்த மரணங்களே முடிவு செய்தன.

1969இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1972இல் புற்றுநோய் மற்றும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் சிறப்புத் தகுதி பெற்றார். 1976இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையுடன் பாரிஸுக்கு அருகில் உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் நிறுவனத்தில் மேற்பயிற்சி எடுத்தார். பின்னர் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையின் பேராசிரியரானார்.

மருத்துவமனைக்கு வெளியே அவரை மக்களுக்கு அறிமுகப்படுத்தியது கால்பந்து. 1979 முதல் பத்தாண்டுகள் லா தேஹாவின் புரோகிரெசோ கிளப்புக்குத் தலைவராக இருந்தார். பெரிய அணிகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த அந்தச் சிறிய அணி 1989இல் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் வாஸ்கேஸ், மேயருக்கு நிகரான மொண்டெவீடியோ நிர்வாகத் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1983இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்த அவரை, 1971இல் உருவான ‘பரந்த முன்னணி’ என்ற இடதுசாரிக் கூட்டணி நிறுத்தியிருந்தது. தலைநகர் இடதுசாரிகளிடம் வந்தது அதுவே முதல் முறை. நகரை 18 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சேவை மையம் திறந்து, நிர்வாகத்தை மக்களின் தெருவுக்கு அருகே கொண்டுவந்தார்.

அதிபர் பதவி எளிதில் கிட்டவில்லை. 1994 தேர்தலில் மூன்று அணிகளுக்கும் இடையே இரண்டு சதவீத வித்தியாசம்கூட இல்லை. அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார். 1996இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல் என்ற முறை வந்தது. 1999இல் சுமார் 40 சதவீத வாக்குடன் முதல் சுற்றில் முந்தினார். இரண்டாம் சுற்றில் இரு பழைய கட்சிகளும் கைகோக்கவே, கொலராடோ கட்சியின் ஹோர்கே பாட்யேவிடம் தோற்றார். 2002இல் வங்கிகள் ஆட்டம் கண்டு, வேலையின்மையும் வறுமையும் பெருகின. 2004 அக்டோபரில் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குகளைப் பெற்று வென்ற அவர், 2005 மார்ச் 1 அன்று பதவியேற்றார். அதிபரான பிறகும் வாரத்தில் சில மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துவந்தார்.

புதிய அரசு சமூக மேம்பாட்டு அமைச்சகத்தை உருவாக்கி, பரம ஏழைகளுக்கு அவசர உதவித்திட்டம் கொண்டுவந்தது. வருமான வரி சீரமைக்கப்பட்டது, தேசிய ஒருங்கிணைந்த சுகாதார அமைப்பு நிறுவப்பட்டது. 2007இல் கார்தல் என்ற சிற்றூர்ப் பள்ளியில் தொடங்கிய ‘சேய்பல்’ திட்டம், 2009க்குள் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்து முடித்தது. 1973 முதல் 1985 வரை நீடித்த சர்வாதிகாரத்தில் காணாமல் போனவர்களைத் தேடி ராணுவ வளாகங்களில் அகழ்வு நடந்தது. 2005 இறுதியில் முதல் எச்சங்கள் கிடைத்தன.

புகையிலை விவகாரத்தில் மருத்துவரும் ஆட்சியாளரும் ஒருவராகவே செயல்பட்டனர். 2006 மார்ச் 1 முதல் உருகுவேயில் கூரைக்குக் கீழ் உள்ள பொது இடம் எதிலும் புகைபிடிக்கக்கூடாது. அலுவலகம், உணவகம், மதுக்கூடம் எதற்கும் விலக்கில்லை, தனி அறை ஒதுக்கவும் இடமில்லை. லத்தீன் அமெரிக்காவில் இப்படித் தடை விதித்த முதல் நாடு அதுதான். 2008இல் அது முழுமையான சட்டமானது. அடுத்து வந்த விதிகள் சிகரெட் பெட்டியையே குறிவைத்தன. பெட்டியின் இரு பக்கங்களிலும் 50 சதவீதமாக இருந்த எச்சரிக்கைப் பரப்பு 80 சதவீதமானது. ஒரு பிராண்டுக்கு ஒரே வகைதான் என்ற விதியும் வந்தது. ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற சொற்கள் தடைசெய்யப்பட்ட பிறகு, தங்க நிறம், நீல நிறம் என்று பெட்டியின் வண்ணத்தை மாற்றி, இது கேடு குறைந்த சிகரெட் என்ற எண்ணத்தை உண்டாக்கும் விற்பனை உத்தியை அடைக்கவே அந்த விதி.

மார்ல்பரோவைத் தயாரிக்கும் பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010 பிப்ரவரியில், உருகுவேக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு தீர்ப்பு மையத்துக்குப் போனது. தனது வணிக முத்திரைகள் பறிக்கப்பட்டதாகச் சொல்லி சுமார் 2.5 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. அந்த நிறுவனத்தின் ஆண்டு விற்பனை, அப்போது உருகுவேயின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை விடப் பெரியதாக இருந்தது. அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்கின் அறக்கட்டளை வழக்குச் செலவுக்கு உதவியது. 2016 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு, மக்களின் உடல்நலத்தைக் காக்க விதி செய்யும் உரிமை அரசுக்கு உண்டு என்று கூறி வழக்கைத் தள்ளியது. உருகுவேயின் செலவுக்காக 70 லட்சம் டாலரைப் பிலிப் மோரிஸே கட்ட வேண்டியதாயிற்று. வயது வந்தோரில் புகைபிடிப்போர் 2009இல் 25 சதவீதம். 2017இல் அது 21.6 சதவீதமாகக் குறைந்தது.

எல்லா முடிவுகளும் அவருக்குக் கட்சிக்குள் கைதட்டல் வாங்கித் தரவில்லை. கருக்கலைப்பைக் குற்றமற்றதாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2008 நவம்பரில் நிறைவேற்றியது. கருவிலும் மனித உயிர் இருப்பதை அறிவியல் காட்டுகிறது என்ற வாதத்துடன், தமது தடை அதிகாரத்தைக் கொண்டு அவர் அதைத் திருப்பி அனுப்பினார். சொந்தக் கட்சியே வெகுண்டது. சில வாரங்களில் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த ஹோசே முஹிக்காவின் ஆட்சியில், 2012இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது.

உருகுவேயில் ஒருவர் தொடர்ந்து இரு முறை அதிபராக முடியாது. ஒரு தவணை விலகியிருந்து, 2014 நவம்பரில் பிளாங்கோ கட்சியின் லூயிஸ் லகாயே போவைத் தோற்கடித்து 2015 மார்ச்சில் திரும்ப வந்தார். இம்முறை பொருளாதாரம் மந்தமாகவே இருந்தது. அன்காப் தலைவராக இருந்தபோது நிறுவனத்தின் கடன் அட்டையைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற புகாரில் சிக்கிய துணை அதிபர் ராவுல் செந்திக் 2017இல் விலகினார். வெளியுலகில் வாஸ்கேஸின் மதிப்பு குறையவில்லை. புற்றுநோய், இதயநோய் போன்ற தொற்றா நோய்கள் பற்றி உலக சுகாதார நிறுவனம் அமைத்த உயர்நிலை ஆணையத்தின் இணைத்தலைவர்களில் ஒருவராக இருந்தார்.

2019 ஜூலை 31 அன்று மனைவி மரியா ஆக்ஸிலியாதோரா தெல்காதோ காலமானார். மூன்று வாரம் கழித்து, தமது நுரையீரலில் ஒரு கட்டி இருப்பதையும் அது புற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதையும் அவரே நாட்டுக்கு அறிவித்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டே பதவியில் நீடித்து, 2020 மார்ச் 1 அன்று லகாயே போவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, 80ஆவது வயதில், நுரையீரல் புற்றுநோயால் மொண்டெவீடியோவில் இறந்தார்.