உங்களுக்குத் தெரியுமா? – 6174

● ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் ஒருமுறை, ஏறுவரிசையில் ஒருமுறை எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் 7 கழித்தலில் 6174 வந்துவிடும். பிறகு நகராது: 7641 – 1467 = 6174.

● இதைக் கண்டுபிடித்தவர் பள்ளி ஆசிரியர் த. ரா. கப்ரேக்கர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பாடம் நடத்தினார். முதுகலைப் பட்டம் கிடையாது, ஆராய்ச்சிக்கூடமும் கிடையாது. காகிதமும் பென்சிலும் எண்கள் மேல் தீராத ஆசையும் இருந்தன. 6174 பற்றி அவர் முதலில் அறிவித்தது நம் சென்னையில், 1949 கணித மாநாட்டில்!

● அவர் பிறந்த ஆண்டு 1905. அதையே போட்டுப் பார்ப்போமா?

9510 – 0159 = 9351
9531 – 1359 = 8172
8721 – 1278 = 7443
7443 – 3447 = 3996
9963 – 3699 = 6264
6642 – 2466 = 4176
7641 – 1467 = 6174

முழுசாக ஏழு படி. 1949-க்கும் ஏழுதான், அதை நீங்களே போட்டுப் பாருங்கள். நடுவில் 999 போல மூன்று இலக்கம் வந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு 0999 என்று எழுத மறக்காதீர்கள்.

● ஏன் இப்படி? மந்திரம் ஒன்றுமில்லை. இலக்கங்களை வரிசைப்படுத்திவிட்டால், முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் அதுதான் விடை. 7641-இல் அந்த வித்தியாசங்கள் 6, 2. ஆக 5994 + 180 = 6174. இப்படி வரக்கூடிய விடைகள் மொத்தமே 54. அதாவது, 0001 முதல் 9998 வரை நாம் எடுக்கக்கூடிய 9,990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54-க்குள் அடங்கிவிடுகின்றன! அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் நிரூபணம் முடிந்தது. ஒரு மாலை நேரம் போதும். கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தரும் வகுப்பில் இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது.

● 6174-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 343, அதாவது 7 × 7 × 7. தன் இலக்கக் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத் எண்கள்’ என்று பெயர் வைத்தவரும் கப்ரேக்கரேதான். இன்னொன்று: 18 + 18² + 18³ = 6174. கூட்டிப் பாருங்கள், 18, 324, 5832.

● இந்தியாவில் அவரைப் பெரிதாக மதித்தவர்கள் அதிகமில்லை. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது கப்ரேக்கருக்கு வயது எழுபது.

● மூன்று இலக்கத்தில் இதே வேலையை 495 செய்கிறது. இரண்டு இலக்கத்தில் நிலையான எண் கிடையாது; 09, 81, 63, 27, 45 என்று சுற்றிச் சுற்றி வரும். ஐந்து இலக்கத்திலும் சுற்றல்தான். ஆறு இலக்கத்துக்குப் போனால் நிலையான எண்கள் இரண்டு: 549945, 631764.